மிதக்கும் குப்பி சொல்லாத கணக்கு

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்களிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பண்ணை வீடுகளிலும் நீலமும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் குப்பி தண்ணீரில் மிதப்பதைப் பார்க்கலாம். குளம் பராமரிப்பவர்கள் அதை ஃப்ளோட்டர் என்பார்கள். விரிந்த தலையும் அதன் கீழே நீருக்குள் தொங்கும் உருளையுமாகப் பெரிய காளானைப் போல இருக்கும். மூடியை அழுத்தித் திருகினால் திறக்கும். உள்ளே உள்ளங்கை அகல வெள்ளை மாத்திரைகள், ஒவ்வொன்றும் 200 கிராம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உருளையின் அடியில் நீளக் கீறல்கள். ஒரு வளையத்தைச் சுற்றினால் கீறல்கள் அகலும், எதிர்ப்பக்கம் சுற்றினால் குறுகும். அந்த வழியே தண்ணீர் போய்வரும்போது மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குளோரினை விடுகிறது. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், பக்கத்தில் ஆள் நிற்கவும் வேண்டாம். இப்படியொரு கருவி மிதந்தாலே தண்ணீர் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். முதல் சில வாரங்களுக்கு அந்த நம்பிக்கை சரிதான். ஆனால் மாதங்கள் போகப்போக, அதே குப்பியில் அதே மாத்திரையைப் போட்டாலும், சோதனையில் அதே அளவு குளோரின் தெரிந்தாலும், கிருமியைக் கொல்லும் வலு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே வருகிறது. இதைக் குளத்தில் குளிப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகளை இறக்கிவிடும் பெற்றோர், அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குளோரின் தண்ணீரில் சேர்ந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியைக் கொல்லும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது இதுதான். தண்ணீரின் காரத்தன்மை ஏற ஏற இது ஹைப்போகுளோரைட் என்ற மந்தமான வடிவத்துக்கு மாறிவிடும். பிஎச் 7 இருக்கும்போது குளோரினில் சுமார் முக்கால் பங்கு வலுவான வடிவில் இருக்கும், 7.5-இல் ஏறக்குறைய பாதி. 8-க்குப் போனால் கால் பங்குதான் மிஞ்சும். இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரின் நேர் வெயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். காலை எட்டு மணிக்குத் திரவக் குளோரின் ஊற்றிய திறந்தவெளிக் குளத்தில் உச்சிவேளைக்கு ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததுதான் மிதவையில் போடும் மாத்திரை. அதன் முழுப் பெயர் டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம். கடையில் டிசிசிஏ 90 என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்த 90, பயன்படக்கூடிய குளோரின் 90 சதவீதம் என்பதைக் குறிக்கிறது. மாத்திரை கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு பொருளும் தண்ணீரில் இறங்குகிறது. இது குளோரினைத் தளர்வாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட குளோரினை வெயில் எளிதில் சிதைப்பதில்லை. சுதந்திரமாக இருக்கும் குளோரின் செலவாகச் செலவாக, பிடிபட்டது ஒவ்வொன்றாக விடுபட்டு அந்த இடத்தை நிரப்புகிறது. நம் ஊர் வெயிலுக்கு இது மிகப் பெரிய உதவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல், அந்த உதவியாளன் போகாமல் தங்கிவிடுவதில் இருக்கிறது. குளோரின் தினமும் செலவாகிறது. சயனூரிக் அமிலம் அப்படிச் செலவாவதில்லை. வெயில் அதை அழிக்காது, மணல் வடிகட்டி அதைப் பிடிக்காது, தண்ணீர் ஆவியாகும்போது அதுவும் சேர்ந்து போகாது. ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர் உள்ள குளம் 50,000 லிட்டர் கொள்ளும். வெயிலுக்கும் குளிப்பவர்களின் வியர்வை, அழுக்குக்குமாக நாளொன்றுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட தினம் 100 கிராம் குளோரின் வேண்டும். வாரத்துக்கு ஏறத்தாழ நான்கு மாத்திரைகள். ஒரு மாத்திரை கரைந்து முடியும்போது அதன் எடையில் பாதிக்குச் சற்று அதிகமாக, சுமார் 110 கிராம், சயனூரிக் அமிலமாகக் குளத்தில் தங்குகிறது. 50,000 லிட்டரில் அது லிட்டருக்கு 2.2 மில்லிகிராம். வாரத்துக்கு 9 என்று ஏறி, பன்னிரண்டாவது வாரத்தில் 100-ஐத் தாண்டிவிடும். நீச்சல் குளங்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சயனூரிக் அமிலம் 100-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மாதிரி விதிகளில் உச்சவரம்பு 90. ஏப்ரல் முதல் தேதி புதுத் தண்ணீர் நிரப்பிய குளம், ஜூன் முடிவதற்குள் அந்த வரம்பை எட்டிவிடுகிறது. வடிகட்டியை பேக்வாஷ் செய்யும்போதும், குழந்தைகள் தண்ணீரை வெளியே அடிக்கும்போதும் கொஞ்சம் வெளியேறும் என்பது உண்மை. அதனால் ஏற்றம் சற்றுத் தாமதமாகும், நின்றுவிடாது.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, வழக்கமான சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது என்பதே. சிறு குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்தோ மாத்திரையோ போட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மருந்து சுதந்திரமான குளோரினோடு வினைபுரிந்து அதைத் தீர்த்தவுடன், சயனூரிக் அமிலம் பிடித்து வைத்திருக்கும் குளோரினும் விடுபட்டு வந்து வினையில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே சோதனை இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. முதல் வாரம் 3 காட்டிய அதே சோதனை பன்னிரண்டாம் வாரமும் 3 காட்டும். ஆனால் சயனூரிக் அமிலம் 30 இருக்கும்போதே குளோரினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடிபட்ட நிலையில்தான் இருக்கிறது. அது 100 ஆகும்போது உண்மையில் வேலை செய்யும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பராமரிப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கும் எண் பொய்யில்லை. அந்த எண்ணுக்கு முன்பிருந்த பொருள்தான் இப்போது இல்லை.

வலு குறைந்தால் கிருமி சாகவே சாகாதா என்றால், சாகும்; நேரம் கூடும். நீச்சல் குளத்தில் எல்லாமே அந்த நேரத்தைப் பொறுத்தது. ஒரு குழந்தையிடமிருந்து தண்ணீரில் கலந்த கிருமி, பக்கத்தில் நீந்தும் இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போக ஒரு நிமிடம் போதும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின், சயனூரிக் அமிலம் இல்லாத தண்ணீர், பிஎச் 7.5, வெப்பம் 25 டிகிரி என்ற நிலையில் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் அழிகிறது. மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குச் சுமார் 16 நிமிடம், ஜியார்டியாவுக்குச் சுமார் 45 நிமிடம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 15,300 நிமிடம், அதாவது பத்து நாளுக்கு மேல். நல்ல நிலையில் உள்ள தண்ணீரிலேயே இவ்வளவு இடைவெளி. அமெரிக்க மையம், வயிற்றுப்போக்கால் குளம் அசுத்தமானால் குளோரினை 20 வரை ஏற்றச் சொல்வதோடு, சயனூரிக் அமிலத்தை 15-க்குக் கீழே இறக்கிவிட்டே அதைச் செய்யச் சொல்கிறது. அந்த அமிலம் மிகுந்த தண்ணீரில் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் எதிர்பார்த்த பலன் கிடைக்காது என்பதே காரணம். கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பல உயிர்களைப் பறித்தது. இந்த நோயைத் தரும் அமீபாக்களில் நெக்லேரியா ஃபௌலேரி வெதுவெதுப்பான நன்னீரில் வளர்ந்து, மூக்கு வழியே ஏறி மூளைக்குப் போகிறது. முறையாகக் குளோரின் சேர்த்துப் பராமரிக்கும் தண்ணீரில் அது பிழைக்காது. முறையாக என்ற அந்தச் சொல்லுக்குள் குளோரின் எண் மட்டுமின்றி பிஎச்சும் சயனூரிக் அமிலமும் அடங்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, சயனூரிக் அமிலம் இல்லாவிட்டால் நம் வெயிலில் குளோரினே நிற்காதே என்பது. நியாயமான மறுப்பு. அந்த அமிலம் சிறிதும் கூடாது என்பது என் வாதமும் இல்லை. வெயிலிலிருந்து காக்க 30 முதல் 50 வரை இருந்தால் போதும். அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அதிகம். கூரைக்குள் கட்டிய குளத்துக்கு அது தேவையே இல்லை. மேலே சொன்ன அமெரிக்க மாதிரி விதிகள் உள்ளரங்கக் குளங்களில் அதைச் சேர்ப்பதையே தடுக்கின்றன. அமிலம் ஏறினால் குளோரினையும் அதற்கேற்ப ஏற்றிவிட்டால் ஆயிற்றே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வேதியியல்படி அது சரி. ஆனால் நடைமுறையில் அந்தக் கூடுதல் குளோரினும் அதே மாத்திரையிலிருந்துதான் வரும். அதனோடு அமிலமும் கூடும். துரத்தல் முடியவே முடியாது. மிதவைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆள் வந்தது, போனது அதற்குத் தெரியாது. நடுநிசியில் காலியான குளத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை இருபது பிள்ளைகள் குதிக்கும் குளத்துக்கும் அது ஏறக்குறைய ஒரே அளவுதான் கொடுக்கும். காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கி ஒரு மூலையிலேயே நின்றுவிட்டால், மோட்டார் ஓடாத நேரத்தில் அந்த மூலையில் மட்டும் அமிலக் கரைசல் கெட்டியாகத் தேங்கிச் சிமென்ட்டை அரிக்கும், வினைல் விரிப்பை வெளுக்கவைக்கும்.

செலவு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. தானாக அளந்து ஊற்றும் இயந்திரம், உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி எல்லாம் சிறிய குடியிருப்புச் சங்கங்களின் கைக்கு எட்டாதவை. திரவக் குளோரின் நம் வெப்பத்தில் கேனில் இருக்கும்போதே வலு இழந்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் போட்டால் சுண்ணாம்பு மண்டி அடியில் படியும். இரண்டுமே பிஎச்சை ஏற்றுபவை. ஏற்கெனவே கடினமும் காரமும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு, அமிலத்தன்மை கொண்ட டிசிசிஏ மாத்திரை ஆரம்பத்தில் பொருத்தமாகவே அமைகிறது. இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: மிதவையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதை மட்டுமே நம்பியிருப்பதைத்தான் விட வேண்டும். சயனூரிக் அமிலம் 40, 50-ஐத் தொடும்வரை மாத்திரை போடலாம். தொட்டபின் அன்றாடத் தேவைக்குப் புதிதாக வாங்கிய திரவக் குளோரினுக்கு மாறி, சூரியன் சாய்ந்தபின் ஊற்றிவிட்டு, மிதவையை ஊருக்குப் போகும் நாட்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம். வாரம் சில நாள் மாலையில் ஒருவர் கால்மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்; அதற்குமேல் பெரிய செலவு இல்லை.

மாறும்போது ஒரு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். டிசிசிஏ மாத்திரை இருந்த குப்பிக்குள் ப்ளீச்சிங் பவுடரையோ வேறு குளோரின் வகையையோ ஒருபோதும் போடக் கூடாது. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். டிசிசிஏ ஏராளமான தண்ணீரில் கிடக்கும்போது சாதுவாகக் கரையும்; கொஞ்சமாக நனைந்தால்தான் சூடேறி நச்சு வாயுவைக் கக்கும். 2024 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கான்யர்ஸ் என்ற ஊரில் நீச்சல் குள இரசாயனக் கிடங்கொன்று தீப்பிடித்து, குளோரின் புகை ஊரையே சூழ்ந்தது. சுமார் 17,000 பேரை வெளியேற்றினார்கள்; 90,000 பேரை வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கச் சொன்னார்கள். அங்கே எரிந்தது மலையளவு என்றாலும், ஈரக் கையால் தொட்ட வாளியைக் காற்றுப்புகாமல் மூடி மொட்டைமாடி அறையில் வைப்பதும் அதே வேதியியலுக்குள்தான் வருகிறது. மிதவையின் மூடியைத் திறக்கும்போதும் உள்ளே வாயு தேங்கியிருக்கும். முகத்தை அருகே கொண்டுபோகாமல், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று திறக்க வேண்டும். பிள்ளைகள் குளத்தில் இறங்குவதற்கு முன் மிதவையை வெளியே எடுத்து, அவர்கள் கைக்கு எட்டாத, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் எதையும் பிள்ளைகள் பந்தாகத்தான் பார்ப்பார்கள்.

சயனூரிக் அமிலத்தை அளப்பது ஒன்றும் சிரமமில்லை. அடியில் கறுப்புப் புள்ளி வைத்த குழாய் ஒன்று சோதனைப் பெட்டியோடு கிடைக்கும். குளத்துத் தண்ணீரோடு அதற்குரிய கரைசலைக் கலந்தால் பால் கலந்ததுபோல் மங்கும். அதைக் குழாயில் மெல்ல மெல்ல ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. அமிலம் மிகுந்த தண்ணீரில் குழாய் பாதிகூட நிறையாமல் புள்ளி காணாமல் போய்விடும். மாதம் ஒருமுறை இதைப் பார்த்துக் குளோரின் எண்ணுக்குப் பக்கத்திலேயே பதிவேட்டில் எழுதும்படி குடியிருப்புச் சங்கங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். 100 தாண்டிவிட்டால் சாதாரணமாகச் செய்யக்கூடியது ஒன்றே: பழைய தண்ணீரை இறைத்துப் புதியதை விடுவது. நாம் எடுத்துக்கொண்ட குளத்தில் அளவைப் பாதியாக்க 25,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி இரண்டு வந்தாலும் சற்றுப் போதாது. அதுவும் லாரித் தண்ணீருக்கு மக்கள் காத்துக்கிடக்கும் கோடையில். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த சென்னையில் அந்தத் தண்ணீரைக் குளத்துக்குக் கேட்க யாருக்கும் மனம் வராது. நமக்கு வாய்த்திருப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் பெருமழை அறிவிப்பு வரும்போது திறந்தவெளிக் குளத்திலிருந்து ஓரடித் தண்ணீரை இறைத்துவிட்டால் 12,000 லிட்டர், சரியாக ஒரு லாரியளவு, வெளியேறும். அந்த இடத்தை மழை நிரப்பும். ஒருமுறை செய்தால் 100 என்பது 76 ஆகும், இன்னொரு மழைக்கும் செய்தால் 58. முழுவதும் காலி செய்துவிடக் கூடாது. நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும் காலத்தில் வெற்றுக் குளத்தின் அடித்தளத்தை அது தூக்கிவிடும். மழை விட்டதும் பிஎச்சைச் சரிபார்த்து, குழாயில் மறுபடி தண்ணீரை ஊற்றிக் கறுப்புப் புள்ளி எந்தக் கோடுவரை தெரிகிறது என்று பார்த்தபின் மிதவையை நிரப்பலாம்.