படம் ஏறிவிட்டது, மழைதான் வரவில்லை

மரம் நடும் இயக்கத்தின் கெடுவான 2025 செப்டம்பர் 30 நெருங்க நெருங்க, காரைக்கால் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்வி: "அம்மாவும் பிள்ளையும் செடி நடுகிற படம் வேண்டும் என்கிறது பள்ளி. இது பாடமா, விழாவா?"

இரண்டும்தான். 2024 ஜூன் 5-ல் தொடங்கிய 'தாயின் பெயரில் ஒரு மரம்' இயக்கத்துக்கு 2025-ல் இது இரண்டாம் சுற்று. ஜூன் 5 முதல் செப்டம்பர் 30 வரை நாடு முழுக்க 10 கோடி மரக்கன்றுகள் என்பது இலக்காக இருந்தது. பள்ளிகளின் பங்கு சூழல் மன்றங்கள் வழியே வந்தது: செடியை நட்டு, படமெடுத்து, இணையதளத்தில் ஏற்றினால் சான்றிதழ். 'பங்கேற்பு' என்ற சொல்லுக்கு அரசு அகராதியில் இப்போது இதுதான் பொருள். செடி பொங்கல் வரை உயிரோடு இருந்ததா என்பது அந்தச் சான்றிதழுக்குத் தெரியாது.

உறுத்துவது படம்கூட அல்ல, நாட்காட்டி. தென்மேற்குப் பருவமழை நனைக்கும் மாநிலங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கெடு கச்சிதம். நட்ட கன்றுக்கு வானமே தண்ணீர் ஊற்றிவிடும். காரைக்காலில் ஜூன் என்றால் காய்கிற வெயிலும் உப்புக் காற்றும். இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. காவிரி ஆற்றை நம்பலாமென்றால், மேட்டூர் அணையின் வழக்கமான ஜூன் 12 திறப்பு 2024-ல் ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. அதற்குப் பிறகும் கடைமடையில் இருக்கிற அரசலாறு தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரிக்கென காவிரி நடுவர் மன்றம் ஒதுக்கிய 7 டி.எம்.சி. காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆக, நடுவதற்கான கதவு மூடுகிற வாரத்தில்தான் மழைக்கான கதவு திறக்கிறது. எந்த ஊரில் எப்போது நட்டால் வேர் பிடிக்கும் என்பதைவிட நல்ல சூழலியல் பாடம் பள்ளிக்குக் கிடைக்காது. அந்தப் பாடத்தைத்தான் இந்த இயக்கத்தின் சுற்றறிக்கை தாண்டிப் போகிறது.

பாடப்புத்தகம் சொல்லித் தராதா? காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு 2023-24 முதல் சிபிஎஸ்இ-க்கு மாறத் தொடங்கின. அதன் பத்தாம் வகுப்பு அறிவியலில் இயற்கை வளங்களின் நிலைத்த மேலாண்மை பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. நீர் சேமிப்புக்கு உதாரணமாகத் தமிழ்நாட்டு ஏரிகளின் பெயர்கூட அதில் வந்தது. கொரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமைக் குறைப்பில் அதை எடுத்துவிட்டார்கள். சுமை எது என்று முடிவு செய்தவர்கள் கடைமடைக்காரர்களாக இருக்க வாய்ப்பில்லை.

மற்ற கேள்விகள் சுருக்கமாக.

சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமா? ஆம், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொன்னது. 2003-ல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

தனிப் பாடமா? பெரும்பாலும் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கலந்தே வருகிறது.

எதை நடலாம்? உப்புக் காற்றைத் தாங்கும் புங்கன், பூவரசு, பனை.

கெடு முடிந்த பிறகு நடலாமா? தாராளமாக, ஐப்பசி அடைமழை அப்போதுதான் வரும்.