நீராடி எழுந்த டயானா: கையால் தீட்டிய பிரதி

கித்தான்மேல் எண்ணெய் வண்ணம்
மூல ஓவியம்: ஃபிரான்சுவா பூஷே, 1742, லூவர் அருங்காட்சியகம், பாரிஸ்

நீலத் துணிகள்மேல் அமர்ந்திருப்பவள் ரோமானியரின் வேட்டைத் தெய்வம் டயானா. கூந்தலில் பிறைநிலா, கையில் முத்துச்சரம். ஒருபுறம் வில்லும் வேட்டையில் விழுந்த பறவைகளும், மறுபுறம் வேட்டை நாய்கள். தொன்மக் கதைகளில் சினத்துக்குப் பேர்போன இவளை ரொக்கோகோ பாணி ஓவியரான பூஷே தோழியோடு இளைப்பாறும் பெண்ணாக்கிவிட்டார்.

பிரதி எடுப்பவரைச் சோதிப்பது அவள் மேனியின் நிறம். வெள்ளையும் இளஞ்சிவப்பும் மட்டும் போதாது. நிழல் விழும் இடங்களில் நீலமும் சாம்பலும் இழையவேண்டும். ஒரு படலம் காய்ந்தபின்தான் அடுத்த மெல்லிய படலம். முழங்காலருகே உற்றுப் பாருங்கள்: அங்கே உருவத்தை வளைத்துக் காட்டுவது கோடு அல்ல, நிறம். அச்சுப் படங்களில் இந்த நுட்பம் பெரும்பாலும் தொலைந்துபோகிறது.

லூவரில் ஓவியர்கள் பிரதி எடுப்பது 1793 முதல் உள்ள வழக்கம். அனுமதி பெற்றோர் இன்றும் மூல ஓவியத்தின் முன்பே நின்று தீட்டுகிறார்கள். ஆனால் பிரதி மூலத்தின் அளவில் இருக்கக்கூடாது. மூல ஓவியரின் கையெழுத்தும் இடம்பெறக்கூடாது. 1860இல் அந்த அனுமதியைப் பெற்றவர்களில் ஒருவர் இளம் ஓவியர் ரெனுவார். தம்மை முதலில் கவர்ந்த ஓவியம் பூஷேயின் இந்த டயானாதான் என்று அவர் பின்னாளில் சொன்னார்.