ஃப்ளாஷ் அடித்தால் கடல்குதிரைக்கு கண் போய்விடுமா? கடலுக்கடியில் போட்டோ எடுப்பவர்கள் செய்யும் உண்மையான தப்பு எது?

இளஞ்சிவப்பு நிறத்தில் விசிறி மாதிரி விரிந்திருக்கும் பவளம். அதில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஒரு குட்டிக் கடல்குதிரை. சமூக வலைதளங்களில் இந்த மாதிரி போட்டோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீனில் பெரிதாகத் தெரியும் அந்தக் கடல்குதிரையின் உண்மையான நீளம் 2 சென்டிமீட்டர் சொச்சம்தான்.

இந்தப் போட்டோக்களுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு சண்டையும் நடக்கும். ஃப்ளாஷ் அடித்து அதன் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் புகார். சந்தேகம் நியாயமானதே. கடல்குதிரையும் ஒரு மீன்தான், அதற்கு இமை கிடையாது. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஆனால் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது சிக்கியது ஃப்ளாஷ் இல்லை.

ஃப்ளாஷ் எதற்கு?

சூரிய ஒளியில் இருக்கும் நிறங்களைத் தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். முதலில் போவது சிவப்பு. 5 மீட்டர் ஆழத்திலேயே அது மங்கத் தொடங்கிவிடும், அடுத்து ஆரஞ்சு, மஞ்சள். இன்னும் கீழே போனால் எல்லாமே நீலமும் பச்சையும்தான். 20 மீட்டர் ஆழத்தில் விரலில் அடிபட்டால் ரத்தம்கூட சிவப்பாகத் தெரியாது, கரும்பச்சையாகத் தெரியும்!

அதனால் காணாமல் போன நிறத்தை மீட்க, வெளிச்சத்தைக் கையோடு கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரோப் எனப்படும் ஃப்ளாஷ் விளக்குகளை கேமராவின் இரண்டு பக்கமும் நீளமான கைகளில் தள்ளி வைத்திருப்பார்கள். நேராக அடித்தால் தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாம் பளிச்சிட்டு, படம் முழுக்க பனி கொட்டுவது போல ஆகிவிடும்.

தேடுவது எப்படி?

இந்தக் குட்டிக் கடல்குதிரை மனிதர் கண்ணில் பட்டதே தற்செயலாகத்தான். 1969-ல் நியூ கலிடோனியாவின் நூமியா மீன் காட்சியகத்துக்காக ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் கடல் விசிறிப் பவளம் ஒன்றைச் சேகரித்து வந்தார். அதைப் பரிசோதிக்கும்போதுதான் அதில் கடல்குதிரைகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஹிப்போகேம்பஸ் பார்ஜிபான்டி என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. உடம்பில் இருக்கும் புடைப்புகள் அந்தப் பவளத்தின் மொட்டுகளைப் போலவே இருக்கும். பக்கத்தில் போனாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதுபோல ஒளிந்து வாழும் உயிரினங்களைத் தேடி டைவர்கள் அதிகம் போகும் இடம், இந்தோனேசியாவின் வடக்கு சுலவேசியில் உள்ள லெம்பே ஜலசந்தி. அங்கே கருப்பு எரிமலை மணல்தான் தரை. வெறும் மணல் மாதிரி தெரியும் இடத்தில் வேறு விலங்குகளைப் போல நடிக்கும் மிமிக் ஆக்டோபஸ், முடி முளைத்த தவளை மீன் எல்லாம் இருக்கும். இதற்கு 'மக் டைவிங்' என்று பெயர். நம் பாஷையில் சேற்று டைவிங். தேடிக் கொடுப்பது உள்ளூர் கைடு. அவர் கையில் ஒரு சின்ன உலோகக் குச்சி இருக்கும். சுட்டிக்காட்டுவதற்கும், நீரோட்டத்தில் மணலில் ஊன்றிக்கொள்வதற்கும்தான் அது.

பிரச்னை தொடங்குவதும் அந்தக் குச்சியில்தான். கேமராவைப் பார்த்ததும் கடல்குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போட்டோ எடுப்பவருக்கு முகம் வேண்டும். குச்சி முனையால் மெல்லத் திருப்பிவிடுவார்கள்.

ஆய்வு சொன்னது என்ன?

ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவின் முடிவுகள் 2019-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியாகின. கடல்குதிரை உள்ளிட்ட, கடலடியில் வாழும் மீன்களை வைத்து நடந்த ஆய்வு இது. டைவர் அருகில் நிற்பதால் ஏற்படும் பாதிப்பைவிட, ஃப்ளாஷ் அடிப்பதால் கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. கண்களிலும் சேதம் தென்படவில்லை. மீன்கள் கடுமையாக மிரண்டது, அவற்றைத் தொட்டு நகர்த்தியபோதுதான்.

அதுக்காக இஷ்டத்துக்கு ஃப்ளாஷ் அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஆள் அருகில் நிற்பதே ஒரு தொந்தரவுதான். ஒரே பவளத்தின் முன்னால் பத்து பேர் வரிசைகட்டி, ஆளுக்கு ஐம்பது படம் எடுத்தால் கதை வேறு. துடுப்புக் கால் பட்டு பவளம் உடைந்தால் கடல்குதிரையின் வீடே போச்சு.

லைக்ஸ் வாங்கும் பயம்

இன்னொரு விஷயம் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. நீல வளைய ஆக்டோபஸ் நிம்மதியாக இருக்கும்போது மங்கிய பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். வளையங்கள் பளீரென ஒளிர்வது, கிட்ட வராதே என எச்சரிக்கும்போது. அப்படிப் பார்த்தால், நாம் ரசிக்கும் பளபளப்பான படங்களில் பலவற்றில் இருப்பது மிரண்டுபோன ஆக்டோபஸ். உயிரைக் கொல்லும் விஷம் உள்ள பிராணியை இப்படிச் சீண்டுவது டைவருக்கும் ஆபத்து.

பேத்தை மீன் பந்து மாதிரி உப்பி நிற்கும் படமும் அப்படித்தான். தப்பிக்க வழி இல்லாதபோது தண்ணீரை விழுங்கி உப்புகிறது. அப்படி ஒருமுறை உப்பினால், உடல் பழைய நிலைக்கு வரப் பல மணி நேரம் ஆகலாம் என்கிறது 2014-ல் வெளியான ஓர் ஆய்வு.

இந்தியாவில் கடல்குதிரைகள் 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல்குதிரைகள் வாழ்கின்றன.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ முதல்முறை டைவ் போகிறவர்கள் கேமராவை எடுக்கும் முன், அசையாமல் மிதக்கப் பழகிக்கொள்வது நல்லது. அது கைவராதவர்கள்தான் பவளத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். கைடிடமும் படகில் ஏறும்போதே, எதையும் தொட்டு நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் கேட்கிறார், டிப்ஸ் கிடைக்கும் என்பதற்காகத்தான் பலரும் அதைச் செய்கிறார்கள்.