புதுக் கார் வாங்குமுன்

தனியார் கார்களை இறக்குமதி செய்வதற்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்ததும் கொடிகாமத்துப் பல வீடுகளில் மாலைப் பேச்சு மாறிவிட்டது. மகன் படங்களைக் காட்டுகிறான். தாயார் நிறத்தைத் தேர்கிறார். தகப்பனார் மாத்திரம் வங்கிப் புத்தகத்தைப் புரட்டிப் பெருமூச்சு விடுகிறார்.

அப்பெருமூச்சுக்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபின், ஓடித் தேய்ந்த கார்களும் வாங்கிய விலைக்கு மேலாக விலைபோன விந்தையை நாம் கண்டோம். தடை நீங்கியது, தீர்வை நீங்கவில்லை. இயந்திரத்தின் கொள்ளளவு ஏற ஏற அதுவும் ஏறுகிறது. நாம் 'புதுக் கார்' என்று கொண்டாடுவதோ, பெரும்பாலும் ஜப்பானில் ஓரிரண்டு ஆண்டு ஓடி, இங்கே முதன்முதல் இலக்கத்தகடு பூணும் வண்டிதான்!

விலையைக் கேட்குமுன் வேறொன்றைக் கேட்கவேண்டும் என்பது நமது கருத்து: பழுதுபட்டால் திருத்துபவர் யார்? ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடியமைக்கு நம்மூர்த் தொழிலாளரின் கைகளே காரணம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதான காலத்திலே, காபுரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் சொல்லி முடியா. ஆயினும் அவ்வண்டிகள் நோயாளியை வைத்தியசாலை சேர்த்தன. கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்கு மூடைகளையும் மனிதரையும் சுமந்தோடிய தட்டிவான்களும் உள்ளூர்க் கைவண்ணத்தால் உயிர்வாழ்ந்தவையே.

இக்கால ஹைபிரிட் வண்டி அவ்வாறு வளைந்து கொடாது. அதன் எரிபொருட் சிக்கனம் பெரிது. 2022 இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து வார்த்த நாட்களை மறவாதவருக்கு அது பெருங் கவர்ச்சியுமாகும். ஆயின் கணினியே அதன் மூளை. அம்மூளையைப் படித்தறியும் கருவி இல்லாத கராஜில் எத்துணைத் திறமைசாலியும் கைகட்டி நிற்பார். மின்கலத் தொகுதி நலிந்தாலோ, மாற்றும் செலவு மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென வைத்த பணத்திலேதான் கைவைக்கும்.

ஆகவே, முற்பணம் கட்டுமுன் அவ்வகை வண்டியைத் திருத்துவோர் அருகில் உண்டா என விசாரியுங்கள். ஜப்பானிய ஏல அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள செசி இலக்கத்தையும் ஓடிய தூரத்தையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். லீசிங்கில் எடுப்பதாயின், கடன் தீரும்வரை பதிவில் நிதி நிறுவனமே முழு உரிமையாளர் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நன்று. கொழும்புக்குப் போகும்போது பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். அவருடைய நாட்கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம்.