அந்தக் குழந்தை அழுதது நல்லதாகப் போயிற்று!

ஒரு கால்பந்து கிளப்பின் அலுவலக அறை. ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். எதிரே கிளப்பின் செயலாளர். "முடியாது" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டவர் அவர்.

இது நடந்தது யூகோஸ்லாவியா என்ற நாடு உடைந்துகொண்டிருந்த நேரம். அந்தத் தாயின் கணவர் ஃபஹ்ருதீன் பியானிச், கீழ்மட்ட லீகில் பந்து ஆடியவர். ஊர் நிலவரம் நாளுக்கு நாள் கெட்டு வந்தது. குடும்பத்தோடு லக்ஸம்பர்க் நாட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தார். ஆனால் கிளப் விடுவித்துக் காகிதம் கொடுத்தால்தானே கிளம்ப முடியும்? அவர் கேட்டபோது கிடைக்கவில்லை. மனைவி ஃபாத்திமா, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தானே கேட்கப் போனார்.

பேச்சு நடந்துகொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. செயலாளரின் மனசு இளகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார்!

அந்தக் குடும்பம் பின்னாளில் சொன்ன கதை இது. அன்றைக்கு அழுத குழந்தைதான் மிராலெம் பியானிச். போஸ்னியா நாட்டுக்காக 100-க்கும் மேற்பட்ட பந்தயங்களில் ஆடிய நடுக்கள ஆட்டக்காரர்.

"கஷாயம், சூரணம் என்று எழுதுகிற வைத்தியருக்குக் கால்பந்து எதற்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. "என் பையன் ஸ்போர்ட்ஸில் பெரிய ஆளாக வரணும், என்ன லேகியம் கொடுக்கலாம்?" என்று கேட்கிற பெற்றோர் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு மருந்துச் சீட்டு எழுதுவதைவிட இந்த மனிதரின் கதையைச் சொல்வது மேல் என்று தோன்றியது.

முதல் மருந்து பயமில்லாத வீடு

மிராலெம் பிறந்தது 1990 ஏப்ரல் 2-ம் தேதி. 1992 ஏப்ரலில் போஸ்னியாவில் போர் வெடித்தது. 1995 டிசம்பரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் சுமார் 1 லட்சம் பேர் மாண்டுபோனார்கள். ஏறக்குறைய 44 லட்சம் மக்கள் இருந்த நாட்டில், பாதிப் பேர் வீடு வாசலை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

பின்னாளில் பியானிச்சோடு ஒரே அணியில் ஆடிய எடின் ஜெக்கோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் சரயேவோ நகரத்துப் பிள்ளை. அந்த நகரம் 1,425 நாள் முற்றுகையில் கிடந்தது. வீட்டை இழந்து, தாத்தா பாட்டியின் சின்ன வீட்டில் உறவுக்காரர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்தார். ஒருநாள் விளையாடப் போகிறேன் என்றவரை அம்மா தடுத்துவிட்டார். சற்று நேரத்தில் அவர் விளையாடப் போவதாக இருந்த இடத்திலேயே குண்டு விழுந்தது. அவரும் உலகப் புகழ் பெற்றார் என்பது வேறு விஷயம். ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி மீண்டு வரக் கொடுத்துவைத்தது?

பயம் நெடுநாள் நீடித்தால் வாதம் கெடும், உறக்கம் கெடும், பசி கெடும் என்று எங்கள் சித்த மருத்துவத்தில் சொல்வோம். ஆங்கில மருத்துவர்கள் இதையே 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று சொல்கிறார்கள். ஓயாத பயத்தில் வளரும் குழந்தை கெட்ட கனவு கண்டு அலறும், படுக்கையை நனைக்கும், சாப்பாட்டை ஒதுக்கும். அதற்கு எத்தனை டானிக் கொடுத்தும் பலன் குறைவுதான். ஃபாத்திமா அம்மாள் அன்றைக்கு வாங்கி வந்தது வெறும் காகிதமில்லை. பிள்ளையின் முதல் மருந்து!

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு

லக்ஸம்பர்க் போன பிறகும் சுகவாசம் இல்லை. புது ஊர், புது பாஷை. அப்பா வேலைக்கும் போனார், சின்ன கிளப் ஒன்றில் பந்தும் ஆடினார். அவர் மைதானத்துக்குப் போகும்போதெல்லாம் பையனும் கூடவே ஓடினான். பெரியவர்கள் ஒரு பக்கம் பயிற்சி செய்ய, இவன் இன்னொரு பக்கம் பந்தை உதைத்துக்கொண்டிருப்பான்.

பிறகு ஷிஃப்லாஞ் என்ற சிற்றூரின் கிளப்பில் சேர்ந்தான். 14 வயது வாக்கில், எல்லையைத் தாண்டி பிரான்சில் இருக்கும் மெட்ஸ் கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்குப் போனான். 2006-ல் லக்ஸம்பர்க்கின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடி, ஸ்பெயினுக்கு எதிராக ஒரு கோலும் போட்டான். அந்தப் பந்தயத்தில் லக்ஸம்பர்க் 7-1 என்று தோற்றது வேறு கதை! 2007-ல், 17 வயதில், மெட்ஸ் அணியின் பெரியவர்களோடு களமிறங்கினான். 2008-ல் லியோன் அணி அவனை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் போஸ்னியா தேசிய அணியிலும் ஆடிவிட்டான்.

கவனியுங்கள். முதலில் அப்பாவோடு விளையாட்டு, அப்புறம் ஊர் கிளப், பதின்மூன்று பதினான்குக்கு மேல்தான் கடும் பயிற்சி. படிப்படியாகத்தான் ஏறியிருக்கிறான். நாமோ எட்டு வயதுப் பிள்ளையைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு கோச்சிங், பின்னால் ஒரு கோச்சிங் என்று துரத்துகிறோம்!

உடம்பு பெருத்தால்தான் பலமா?

பியானிச் பயில்வான் இல்லை. சராசரி உயரம், ஒல்லியான தேகம். மின்னல் வேக ஓட்டக்காரரும் இல்லை. பிறகு எப்படி?

நடுக்கள ஆட்டக்காரரின் வேலை விசித்திரமானது. 90 நிமிஷத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓட வேண்டும். அதுவும் ஒரே சீராக இல்லை. நடை, ஓட்டம், திடீர்ப் பாய்ச்சல், சட்டென்று நிறுத்தம் என்று மாறி மாறி. அதற்கு நடுவே எதிரி எங்கே, நம்மவன் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கெயிர் ஜோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் திருப்பி அடிக்கடி பார்த்துக்கொள்பவர்கள்தான் பாஸைப் பிசகாமல் கொடுக்கிறார்கள் என்று கண்டார். ஆக, தெளிந்த கண்ணும் களைக்காத மூளையும் தொடைச் சதைக்குக் கொஞ்சமும் குறைந்தவை இல்லை.

இன்னொன்று, பொறுமையாகக் கற்றுக்கொள்ளும் குணம். லியோனில் ஜூனினோ என்ற பிரேசில்காரர் இருந்தார். ஃப்ரீ கிக் அடிப்பதில் மன்னன். இளைஞன் பியானிச் பக்கத்திலேயே நின்று, அவர் பந்தை எப்படி உதைக்கிறார் என்று பார்த்துப் பார்த்துப் பழகினான். 2009-ல் ஜூனினோ விலகியதும் அவருடைய 8-ம் எண் சட்டை இவனுக்கே வந்தது! 2010 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் கோல் அடித்து, அந்தப் பெரிய அணியைச் சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேற்றியபோது அவனுக்கு வயது 20 கூட நிறையவில்லை.

2011-ல் இத்தாலியின் ரோமா. 2016-ல் யுவென்டஸ். அங்கே 2017 முதல் 2020 வரை தொடர்ந்து 4 லீக் பட்டங்கள். நடுவே 2014-ல் போஸ்னியா தன் சரித்திரத்தில் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. அர்ஜென்டினாவிடமும் நைஜீரியாவிடமும் தோற்றாலும், கடைசிப் பந்தயத்தில் ஈரானை 3-1 என்று வென்றது. உலகக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் வெற்றி. அதில் ஒரு கோல் பியானிச்சுடையது. கிளப் செயலாளரின் அறையில் அழுத குழந்தை!

இறக்கமும் வரும்

எப்போதும் ஏறுமுகமாகவே இருக்குமா? 2020-ல் 6 கோடி யூரோ விலைக்கு பார்ஸிலோனா அவரை வாங்கியது. போய்ச் சேருவதற்கு முன்பே, அந்த ஆகஸ்டில் கோவிட் தொற்று. வீட்டிலேயே தனித்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு அணிக்குப் போனால், பெரும்பாலும் பெஞ்சில்தான் இடம். 30 வயது, உடம்பில் தெம்பு இருக்கிறது, ஆனால் ஆட விடமாட்டேன் என்கிறார்கள். ஓர் ஆட்டக்காரருக்கு எலும்பு முறிவைவிட இது பெரிய வலி.

2021-ல் துருக்கியின் பெஷிக்டாஷ், 2022-ல் ஷார்ஜா, 2024-ல் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. என்று நகர்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். 17 வயதில் களமிறங்கியவர், 34 வயதிலும் ஆடிக்கொண்டிருந்தார். 17 வருஷம் தாக்குப்பிடித்த முழங்கால்கள்! அவசர அவசரமாகப் பழுக்கவைத்த காய் இத்தனை காலம் நிற்காது.

அப்படியானால் லேகியம்?

நானே சித்த வைத்தியன்தான். அமுக்கரா நல்ல மூலிகைதான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் போதாத பிள்ளைக்கு அமுக்கரா கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதே ஆழ்ந்த தூக்கத்தில்தான். ஆகவே, விளையாடும் பிள்ளை உள்ள வீடுகளில் இவற்றைக் கவனியுங்கள்:

• 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம். கோச்சிங் நேரத்தை இதற்குத் தகுந்தபடி வையுங்கள்.

• வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சிக்கு முழு ஓய்வு. ஒரே விளையாட்டை வருஷம் பூராவும் ஆட விடாமல், மொத்தத்தில் இரண்டு மூன்று மாதமாவது மாற்று விளையாட்டு ஆடட்டும்.

• 10 முதல் 15 வயதில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்க எலும்பில் வலியும் வீக்கமும் என்றால் "சும்மா நடிக்கிறான்" என்று அதட்டாதீர்கள். மளமளவென்று வளரும் வயதில், ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வருகிற தொல்லை அது. ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரவில் வலியால் விழித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, நொண்டி நடந்தாலோ உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

• பந்தயத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லியோ சாதமோ போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். நடுநடுவே தண்ணீர் குடிக்கட்டும்.

• 'தசை வளர்க்கும் பொடி' என்று எதையும், நாட்டு மருந்தேயானாலும், வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

• தோற்று வந்த அன்று பாடம் நடத்த வேண்டாம். சோறு போட்டுத் தூங்க வையுங்கள். மற்றதெல்லாம் மறுநாள்.

எல்லாப் பிள்ளைகளும் பியானிச் ஆகப்போவதில்லை. ஆகவும் வேண்டாம். பயமில்லாத வீடு, கூடவே நடக்கும் அப்பா, கொஞ்சம் பந்து, நிறையத் தூக்கம். இவ்வளவு கிடைத்துவிட்டால் கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளை ஆரோக்கியமாக இருக்கும்.

குழந்தை அழுதால் என்ன கேட்கிறது என்று நின்று பாருங்கள். ஓர் அந்நியரே, ஒரு அழுகையைக் கேட்டு மனம் மாறிக் கையெழுத்துப் போட்டார். பெற்றவர்கள் நாம் கேட்காமல் போகலாமா?