தர்மமா, பங்கா? கடற்கரைக் குப்பத்து இசைவிழா எழுப்பும் கேள்வி

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், பலிபீடத்தருகே உள்ள கற்படிகளைத் தட்டினால் சுரம் எழும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய இக்கோயில், 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. இசைப்படிகள் இன்று கம்பித் தடுப்புக்குள் காக்கப்படுகின்றன. கல்லின் இசையைப் போற்றும் இம்மண், பறையின் இசைக்கு எந்த இடத்தைக் கொடுத்தது? சென்னைக் கடற்கரையில் நடந்த ஒரு விழாவை முன்வைத்து இக்கேள்வியை ஆராயலாம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டியது ஊரூர் ஆல்காட் குப்பம். பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர், குப்பத்து மக்களுடன் இணைந்து 2015இல் அங்கு கலைவிழாவைத் தொடங்கினர். நுழைவுக் கட்டணம் கிடையாது. சபா அரங்குகளுக்கு உரியதென்று கருதப்பட்ட கர்நாடக இசை மீனவர் குடியிருப்பில் ஒலித்தது. பறையாட்டமும் கூத்தும் அவ்விழாவின் மேடையைப் பகிர்ந்துகொண்டன.

இது முக்கியமான முயற்சி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், 'ஏழைகளிடம் இசையைக் கொண்டு சேர்த்தார்கள்' என்று இதைப் பாராட்டுவோரின் பார்வையில் சிக்கல் இருக்கிறது. குப்பத்தில் முன்பு இசையே இல்லை என்று அது கருதுகிறது. வலை இழுக்கும்போது மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டு அந்தக் கணக்கில் வருவதில்லை. கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவும் அப்படியே நீடிக்கிறது. மீனவரின் விலக்கமும் தலித்துகள் மீதான தீண்டாமையும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறக்கலாகாது.

தர்மத்திற்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டைக் காவிரிப் படுகையின் கல்வெட்டுகளே காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட பங்கும் வழங்கினான். பாடுவோருக்கும் கருவி இசைப்போருக்கும் பங்குகள் உண்டு. அவை பெயரோடு எழுதப்பட்டன. அதே கோயிலின் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. ஆனால் அவை இசைப் பங்குகளின் பட்டியலில் இல்லை. கோயிலுக்கு வரி செலுத்தும் ஊர்களில், வரியில்லா நிலங்களைக் கழிக்கும் கணக்கில் இருக்கின்றன.

பிற்காலத்தில் பறையடிப்பு சாதி சுமத்திய கடமையாயிற்று. ஊரார் வீட்டுச் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும். கூலியை ஊர் தீர்மானிக்கும். மறுத்தால் தாக்குதலும் ஊர்விலக்கமும் காத்திருந்தன. ஆகவேதான் பறையடிக்க மறுப்பது தலித் போராட்டத்தின் ஒரு வடிவமானது. மறுபுறம், அதே கருவியை விடுதலைக் கருவியாக மீட்டெடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள், ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட பறையைத் தம் கையில் எடுத்தனர். மறுப்பும் மீட்பும் எதிரெதிரானவை அல்ல. எப்போது, யாருக்காக அடிப்பது என்பதைக் கலைஞரே முடிவு செய்வதுதான் இரண்டிற்கும் அடிப்படை.

2018 சனவரி 6 அன்று சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறியது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்த பெயர் அது. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' விழாவை நடத்தியது. இங்கே யாரும் யாரையும் மேடைக்கு அழைத்துக் கருணை காட்டவில்லை. சபாக்களுக்குரியதாக்கப்பட்ட மார்கழியில் கானாவும் பறையும் ஒப்பாரியும் தங்கள் சொந்த மேடையில் ஒலித்தன.

எனவே, ஒரு விழாவை அளக்கச் சில கேள்விகளை முன்வைக்கிறோம். நிகழ்ச்சியை வடிவமைக்கும் குழுவில் அம்மக்கள் இருக்கிறார்களா? பறைக் கலைஞருக்கும் பாடகருக்கும் ஊதியம் எந்த அடிப்படையில் வழங்கப்படுகிறது? பறை கூட்டம் சேர்க்கும் தொடக்க ஒலியாக மட்டும் நின்றுவிடுகிறதா, முழு நிகழ்ச்சியாக இடம்பெறுகிறதா? விழா முடிந்த மறுநாள், அதே கலைஞர் தன் ஊரில் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா?

கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை தாராசுரத்தைச் சூழ்ந்த சேரிகளிலிருந்தும் வர வேண்டும். அதுவரை, ஒரு நாள் மேடையைத் தொடக்கம் என்று மட்டுமே நாம் கொள்ள முடியும்.