ஜெராக்ஸ்ல நாவல் படிக்கலாமா பாஸ்?

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம்னு வடசென்னையிலேருந்து ட்ரெயின் பிடிச்சு காலேஜ் போறவரா நீங்க? அப்போ பீச் ஸ்டேஷன்ல இறங்கினதும், துறைமுகத்துக்கு எதிர்ல செக்கச்செவேல்னு நிற்கிற ஹைகோர்ட்டைத் தினமும் பார்த்திருப்பீங்க. கொலை, கொள்ளை, சொத்துத் தகராறுன்னு எல்லாத்தையும் பார்த்த அந்தக் கட்டடத்துல, 2016 ஜூலை 5-ம் தேதி ஒரு நாவலுக்குத் தீர்ப்பு சொன்னாங்க. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'.

காளி, பொன்னா... ஒருத்தர் மேல ஒருத்தர் உசுரா இருக்கிற ஜோடி. ஆனா, குழந்தை இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் குத்தல் பேச்சு. (இந்தப் பேச்சை இன்னிக்கும் உங்க தெருவுலயே கேட்கலாம்!) திருச்செங்கோடு தேர்த் திருவிழாவின் 14-ம் நாள் ராத்திரி, பிள்ளை இல்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணைச் சாமியா நினைச்சுச் சேரலாம்னு நாவல்ல ஒரு வழக்கம் வருது. பொன்னாவை அங்கே அனுப்புறதா, வேண்டாமா? அதுதான் கதையோட முடிச்சு.

2010-ல காலச்சுவடு வெளியிட்டது. நாலு வருஷம் ஒரு சத்தமும் இல்லை. 2014 கடைசியிலதான் பத்திக்கிச்சு. சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள்ள கொடுத்தாங்க. 'எங்க கோயிலையும் பெண்களையும் அசிங்கப்படுத்திட்டார்'னு கோபம். புத்தக எரிப்பு, கடையடைப்பு. ஊர்ப் பேரைப் படிக்கிறப்போ சிலருக்கு வலிச்சிருக்கலாம், அதை நான் மறுக்கலை. ஆனா, முழுசாப் படிச்சவங்க அதுல எத்தனை பேர்?

2015 ஜனவரி 12. நாமக்கல் கலெக்டர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. நிபந்தனையில்லாம மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துட்டு வெளியே வந்தார், தமிழ் வாத்தியாரான பெருமாள்முருகன். அப்புறம் ஃபேஸ்புக்ல தன்னோட மரணத்தைத் தானே அறிவிச்சார். எழுத்தாளன் செத்துட்டான், எந்தப் புத்தகத்தையும் விற்காதீங்கன்னு!

ஒன்றரை வருஷம் கழிச்சு வந்த தீர்ப்பு, அந்த மன்னிப்புக் கடிதம் அவரைக் கட்டுப்படுத்தாதுன்னுச்சு. பிடிக்கலைன்னா படிக்க வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தலை. எழுத்தாளர் மறுபடி எழுதட்டும்னும் சொன்னுச்சு.

விருது கதை இன்னும் சுவாரஸ்யம். நாவலை இங்கிலீஷ்ல கொண்டுபோன அனிருத்தன் வாசுதேவனுக்கு 2016-க்கான சாகித்ய அகாடமி மொழிபெயர்ப்பு விருது. அதுக்கும் கேஸ்! 2017-ல அதே ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டது. 2018-ல அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு நெடும்பட்டியல்ல நம்ம காளியும் பொன்னாவும்! 2023-ல 'ஆளண்டாப் பட்சி'யின் இங்கிலீஷ் வடிவத்துக்கு ஜேசிபி பரிசு. பெருமாள்முருகனுக்கு 25 லட்சம், மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கு 10 லட்சம்.

தமிழ்ல எழுதினது இங்கிலீஷ்ல போய்ப் பரிசு வாங்குது. தமிழ் படிக்கத் தெரிஞ்ச நாம ஜெராக்ஸோட நின்னுடறதா?

'மாதொருபாகன்' முடியுற இடத்துல காளி இருப்பானா, போயிடுவானான்னு தெரியாது. அதனால தொடர்ச்சியா ரெண்டு நாவல் எழுதினார். 'ஆலவாயன்'ல காளி இல்லை. 'அர்த்தநாரி'யில இருக்கான். எதை முதல்ல எடுக்கப் போறீங்க?